படத்தில் இருந்த கால்

பாயான் பாரு, பினாங்கு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குமுதா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிடாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் அண்ணன் இப்போதுகூடப் பட்டப்பகலில் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் காலத்தில் எந்தப் பைத்தியக்காரி கடிதம் எழுதுவாள் என்று கேட்பாய். வக்கீல் உன்னிடம் பேசிய நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுத எனக்குப் பயம். போனில் போட்ட ஒரு படம்தான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருக்கிறது. இனி கேஸ் விஷயமாக அந்தச் சனியனில் ஒரு வார்த்தை தட்ட மாட்டேன்.

வக்கீல் திருநாவுக்கரசு உன்னிடம் எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன். 2023 டிசம்பரில் நான் காலை அறுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். வலது கால் பெருவிரல் மூட்டு புடைத்துக்கொண்டு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பூட்ஸ் போட்டு நிற்க முடியாமல் போனதால்தானே அந்தத் தனியார் மையத்துக்குப் போனேன். சின்ன ஆபரேஷன், புத்தாண்டு முடிந்ததும் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். பெருவிரலை வெட்டி நேராக்கினார். நான் கேட்காமலே அடுத்த விரலிலும் கம்பியைச் செருகிவிட்டார். பிப்ரவரியில் வேறு ஆஸ்பத்திரியில் அந்த இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற பெருவிரல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, தரையைத் தொடுவதே இல்லை. நின்று பார்க்கிற வேலைக்கு நான் லாயக்கில்லை என்று ஃபேக்டரியிலும் அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தனியார் மையத்தின்மேல் கேஸ் போட்டோம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர்கள் அந்தப் படத்தைக் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும்.

ஆபரேஷன் முடிந்து அடுத்த மாதம் வந்த தைப்பூசம். கால் நல்லபடியாக ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது நான். நடக்க முடியாத எனக்காகப் பால்குடம் எடுத்தது நீ. வேண்டுதல் என்னுடையது என்பதால் என் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, என் கொலுசைப் போட்டுக்கொண்டு போனாய். உன் அண்ணன் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் உனக்குப் பின்னால் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு என்ன எழுதினார் தெரியுமா? ‘என் ஜெகதீஸ்வரியின் பால்குட நேர்த்திக்கடன் இனிதே நிறைவேறியது. முருகா!’ கூடவே கும்பிடுகிற கை ஒரு வரிசை. முகம் தெரியவில்லை. என் புடவை தெரிகிறது. என் பெயர் தெரிகிறது.

டாக்டர் பேச்சைக் கேட்காமல் வெறுங்காலோடு மலை ஏறினேன், அதனால்தான் விரல் கெட்டது, அவர்கள்மேல் தவறே இல்லை என்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டதும் உன் அண்ணன் என்ன செய்தார்? பயந்துபோய் ஃபேஸ்புக்கில் இருந்ததை அழித்தார். போனில் இருந்த அன்றைய படங்கள் அத்தனையையும் அழித்தார். உன் முகம் தெரிகிற படம் ஒன்றிரண்டு இருந்திருக்கும், அதுவும் போயிற்று. அவர்கள் எப்போதோ பிரதி எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது ஆதாரத்தை அழித்தோம் என்று அதுவும் நம் தலையில் விடிந்திருக்கிறது.

நவம்பரில் ஜார்ஜ் டவுனில் விசாரணை. நீ வந்து, படத்தில் இருப்பது நீதான் என்று சொல்ல வேண்டும். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம், வக்கீல் கண்டித்துச் சொன்னார். அதனால் நடந்ததைச் சொல் என்று மட்டும் கேட்கிறேன். கேஸ் தோற்றால் அந்தப் பக்கத்துச் செலவையும் எங்கள் தலையில் கட்டுவார்களாம். வீட்டை விற்க வேண்டிவரும். அதைவிட, கோர்ட்டில் என்னைப் பொய்க்காரி என்று எழுதிவிடுவார்களே என்றுதான் பயம்.

பதில் போடு. அதிராவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி,
ஜெகதீஸ்வரி


ஜோகூர் பாரு
11 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நலமா என்று கேட்கத் தெரியவில்லை. நலமில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

போன் எடுக்காததற்கு மன்னித்துவிடுங்கள். வக்கீல் பேசியபோது நான் சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை முடிந்து, வீட்டுக்கு வர உட்லண்ட்ஸில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ‘சாட்சி’ என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

அண்ணி, என்னால் வர முடியாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை கிடையாது. அந்த வருஷம் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் அங்கேயே ஒரு கிளினிக்கில் வயிறு சரியில்லை என்று சொல்லி எம்சி லீவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, லார்க்கினில் பஸ் ஏறி பினாங்குக்கு வந்தேன். இது அண்ணனுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கும் இப்போதுதான் தெரியும்.

கோர்ட்டில் வந்து, அன்றைக்கு நான் தண்ணீர்மலையில் இருந்தேன் என்று சொன்னால் இங்கே என் கதி என்ன? எங்கள் ஃபேக்டரி லைனில் ஒரு பெண் எம்சி போட்டுவிட்டு மலாக்காவில் தோழி கல்யாணத்தில் ஆடினாள். யாரோ படம் போட்டார்கள். அடுத்த நாள் காலை அவளை உள்ளேயே விடவில்லை. வாசலில் நின்று அழுதாள். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம். நானும்தான்.

அதிராவின் அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு இந்த வேலையில்தான் எங்கள் இரண்டு பேர் வண்டியும் ஓடுகிறது. அவள் இந்த வருஷம் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருஷம். எனக்கு நாற்பத்தாறு வயது. இங்கே விட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

அண்ணன் ஏன் அப்படி எழுதினார்? என் பெயரைப் போட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே வேலை போயிருக்கும். உங்கள் பெயரைப் போட்டார், உங்கள் கேஸ் போகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

குமுதா


பாயான் பாரு
30 ஆகஸ்ட் 2025

குமுதா,

கிழிக்கவில்லை. அழித்து அழித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தோம், போதும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே திட்டினேன். என் வேலை போனபோது எவள் அழுதாள் என்று கேட்டேன். உன் அண்ணன் ‘விடு லா ஜெகா, அவளும் பாவம்’ என்றார். உங்கள் குடும்பமே பாவம், நான் ஒருத்திதான் பாவி என்று அவர்மேலும் பாய்ந்தேன். பிறகு அந்த வாசலில் நின்று அழுத பெண்ணின் நினைப்பு வந்தது. சாப்பிட முடியவில்லை.

ஆனால் இதைக் கேள். போன வாரம் வக்கீல் எங்களைக் கூப்பிட்டார். அவர்கள் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மேசைமேல் விரித்தார். உன் கால் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு இருக்கிறது. விரல்கள் புடவைக் கரையில் மறைந்துவிட்டன, தூக்கின குதிகால் மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே படியில் ரத்தம்.

ஆமாம், ரத்தம். சின்னப் படத்தில் அது குங்குமம் என்று நினைத்திருந்தேன். இதில் சந்தேகமே இல்லை. வலது கால். ஆபரேஷன் காயம் வாய் பிளந்து படியில் ரத்தம் சொட்டியதற்கு இதுவே சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள்.

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “அம்மா, நான் உங்க பக்கத்து ஆளு. என்கிட்ட மறைக்காதீங்க. இது நீங்கதானா?”

 உன் அண்ணன்தான், “ஐயோ சார், அது என் தங்கச்சி சார்!” என்று கத்தினார்.

“அப்ப அந்தத் தங்கச்சி எங்க?” என்றார் வக்கீல்.

என்ன சொல்வது? நீ சொல்.

திரும்பி வரும்போது உன் அண்ணன் காடி ஓட்டினார், நான் படத்தை மடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவை என்னுடையது. கொலுசு என்னுடையது. பார்க்கப் பார்க்க, நான்தான் ஏறினேனோ என்று எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் வீட்டில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்ததை யார் பார்த்தார்கள்? டிவியில் மலைக்கோயிலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டிவியையா கூண்டில் ஏற்றுவது?

இன்னொன்றும் சொல்கிறேன், உன் அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது விரலும் மரக்கத் தொடங்கியிருக்கிறது. காலையில் கிள்ளிப் பார்க்கிறேன். சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. டாக்டரிடம் போகவே பயமாக இருக்கிறது.

வக்கீல் சப்பினா என்று கோர்ட் உத்தரவு போட்டு உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்து வரலாம் என்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் சொல். படியில் இருப்பது யார் ரத்தம்?

ஜெகா

படத்தின் பிரதியை உள்ளே வைத்திருக்கிறேன்.


ஜோகூர் பாரு
14 செப்டம்பர் 2025

அண்ணி,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தப் படத்தை இனிமேல் அனுப்பாதீர்கள். அதிரா பார்த்துவிட்டாள். “யாரும்மா இது?” என்றாள். படத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

ரத்தம் என்னுடையது.

தேர் போன ரோட்டில் எவ்வளவு தேங்காய் உடைப்பார்கள், உங்களுக்குத் தெரியுமே. கூட்டித் தள்ளினாலும் மிச்சம் கிடக்கும். தண்ணீர்ப் பந்தல் பாட்டுச் சத்தத்திலும் கூட்டத்திலும் நான் கீழே பார்க்கவில்லை. ஒரு ஓடு குதிகாலில் வளைவாக இறங்கிவிட்டது. குடத்தை இறக்க முடியாது. பக்கத்தில் வந்த ஓர் அம்மா, “நிக்காத, நட மா, நட,” என்று சொல்லி மஞ்சள்தூளை எடுத்து அப்பிவிட்டார். அண்ணன் படம் எடுக்க முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்றால், வேண்டுதல் பாலோடு போகும்போது ரத்தம் சிந்தக் கூடாது, சிந்தினால் வேண்டுதல் திரும்பிவிடும் என்று எங்கள் அம்மா சொல்வார். ஆயர் ஈத்தாமில் இருந்தபோது அம்மா காலில் ரத்தம் வந்த பக்கத்துவீட்டு ஆள் ஒருவரைப் பாதி வழியில் குடத்தை இறக்கவைத்தே கூட்டிவந்துவிட்டார். எனக்கு அது நினைவு வந்தது. ஆனால் நான் இறக்கவில்லை. எம்சி போட்டு, பஸ் ஏறி, இவ்வளவு தூரம் வந்தேனே என்று நடந்தேன். பாலை ஊற்றினேன். உங்கள் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். உங்கள் வீட்டுக்கு வந்து காலுறையைப் போட்டுக்கொண்டு, பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு அன்று மாலையே கிளம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணன் போன் செய்து, விரலை எடுத்துவிட்டார்கள் என்றார்.

நான் ஏன் அதற்குப் பிறகு பினாங்குக்கு வரவே இல்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. வேலை என்று நினைத்திருப்பீர்கள். அண்ணி, உங்கள் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டாக்டர் கெடுத்தார், டாக்டர் கெடுத்தார் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகும். வேலைக்கும் பயம்தான். ஆனால் கோர்ட்டில் நின்று ‘அது என் ரத்தம்’ என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அதிகப் பயம்.

வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லாமல் சொல்ல வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

குமுதா


பாயான் பாரு
20 செப்டம்பர் 2025

அம்மாடி குமுதா,

லூசா நீ? ஒரு டாக்டர் செய்த அநியாயத்தைக் கொண்டுபோய் முருகன் தலையிலும் உன் குதிகாலிலும் போடுவாயா? இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஜோகூரில் ஒளிந்துகொண்டிருந்தாய்? உன்னை நேரில் பார்த்தால் முதுகில் இரண்டு வைப்பேன். பிறகு அழுவேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அன்றைக்கு விடியற்காலை நீ குளித்து, என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் போர்வையை வெடுக்கென்று இழுத்து மூடிக்கொண்டேன். “தொடாத, வலிக்குது,” என்றேன்.

வலிக்கவில்லை. வலி நின்றுபோயிருந்தது. வலிக்கிற வரைக்கும் கத்திக்கொண்டு கிடந்தவளுக்கு, வலி நின்றதும் ஈரக்குலையே நடுங்கிவிட்டது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனி நீலமாக இருந்து, அப்போது கறுத்தும் போயிருந்தது. அதற்கு முன்னால் கட்டு மாற்றப் போனபோதே அங்கே காட்டினேன். “பியாசா லா அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான், வீக்கம் வத்துனா சரியாயிடும்,” என்று சொல்லி அந்த நர்ஸ் இன்னும் இறுக்கமாகக் கட்டி அனுப்பினாள். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விடுமுறை முடியட்டும் என்று படுத்துக்கிடந்தேன்.

உன்னிடம் காட்டியிருந்தால் நீ அழுதுகொண்டேதான் குடத்தைத் தூக்கியிருப்பாய். சிரித்த முகமாகப் போகட்டும் என்று மூடிக்கொண்டேன். நீ ரோட்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே என் விரல் செத்துவிட்டது. உன் ரத்தம் எதையும் கெடுக்கவில்லை. புரிகிறதா?

அதோடு இன்னொன்று. நீ வர வேண்டாம்.

நேற்று வரைக்கும் வந்தே ஆகவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு முடியவில்லை. இல்லாத விரலுக்காக அதிராவின் படிப்பில் கை வைக்க மாட்டேன். உன் ரத்தத்தைப் பற்றி வக்கீலிடமும் வாய் திறக்கவில்லை. பெயர் இல்லாமல் சாட்சி கிடையாது, அது எனக்கே தெரியும். அடுத்த வாரம் போய், கேஸை வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்கப் போகிறேன். ஊர் பொய்க்காரி என்று சொல்லும். பசாரில் காய் வாங்கப் போனால் நாலு பேர் என் காலைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னையும் பயமுறுத்தி என்ன லாபம்?

உன் அண்ணி


ஜோகூர் பாரு
2 அக்டோபர் 2025

அண்ணி,

வாபஸ் வாங்காதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் வக்கீலிடம் போயிருந்தால் மறுபடியும் போய் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போர்வையை இழுத்து மூடியது ஞாபகம் இருக்கிறது. என்மேல் ஏதோ கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நீங்கள் கறுத்த விரலோடு படுத்துக்கொண்டு என்னைச் சிரித்து அனுப்பியிருக்கிறீர்கள். நான் இங்கே வேலை போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை அதிராவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தாள்.  பிறகு, “அத்தைக்கு நீ போகலைன்னா நான் எப்படி மா நிம்மதியா படிப்பேன்?” என்றாள்.

சப்பினா அனுப்பச் சொல்லுங்கள். லீவு கேட்டால் காரணத்துக்குக் காகிதம் காட்டச் சொல்கிறார்கள், அதைத்தான் காட்டப் போகிறேன். காட்டினால் எதற்குச் சாட்சி, எந்த நாள் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. பொய்க்கு வாங்கிய எம்சி இப்போது நிஜமாகவே வந்துவிடும் போல.

வருகிறேன் அண்ணி.

குமுதா


பாயான் பாரு
21 நவம்பர் 2025

அன்புள்ள குமுதா,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாய். பின்னாலேயே வந்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு கோர்ட்டுப் படி இறங்குவதற்குள் நீ லைட் ஸ்திரீட்டைத் தாண்டிவிட்டாய். அதனால் அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நீ உள்ளே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஷூவும் போட்டு, ஃபேக்டரிக்குப் போகிற மாதிரியே வந்திருந்தாய். மொழிபெயர்ப்பாளர் கேட்டது எதுவும் முதலில் உன் காதில் விழவில்லை. உன் உதடு வறண்டுபோயிருந்ததை அங்கிருந்தே பார்த்தேன். இவள் இப்போது ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், அம்மாடி, நினைத்துவிட்டேன். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

அந்தப் பக்கத்து வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிரித்த முகமாகவே கேட்டார்.

“அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு கிளினிக்ல எம்சி வாங்குனீங்களா?”

“வாங்குனேன்.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப நீங்க பொய் சொல்றவங்க.”

நீ தலையைத் தூக்கினாய். “வேலையில பொய் சொன்னேன் சார். சாமிக்கு முன்னால சொல்லல. இங்கயும் சொல்லல,” என்றாய். குரல் கிழிந்துபோயிருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மலாயில் சொன்னார்.

பிறகு நீதிபதி அம்மா ஷூவைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். நீ குனிந்து கயிற்றை அவிழ்க்க முடியாமல் தவித்தாய். நானே ஓடிவந்து அவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கிக் குதிகாலைக் காட்டினாய். வளைந்த தழும்பு. பெரிதாக்கின படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். படத்தில் தூக்கின குதிகாலிலும் அதே வளைவு இருக்கிறது குமுதா. அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அது தெரியவில்லை, மஞ்சள் கறை என்றே நினைத்திருந்தேன். நீதிபதி படத்தைப் பார்த்தார், உன் காலைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி என் காலைப் பார்த்தார். நான் எப்போதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வேன், உனக்குத் தெரியுமே. அன்றைக்கு இழுக்கவில்லை. அப்படியே நீட்டி வைத்திருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, அந்தப் படத்தை இனி ஆதாரமாகக் காட்டப் போவதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். திருநாவுக்கரசு நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டதைப் பார்க்க வேண்டுமே! தீர்ப்பு மார்ச்சில். ஜெயிப்போமா என்று கேட்டேன். “இனிமேல் டாக்டர் செஞ்சதப் பத்தி மட்டும்தான் பேச்சு மா,” என்றார். ஜெயிப்போம் என்று சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்றாவது விரலை உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

உன் வேலை என்ன ஆயிற்று? நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது. இரண்டு பேரும் மூடி மறைத்தது போதும்.

உன் ஜெகா அண்ணி


ஜோகூர் பாரு
14 டிசம்பர் 2025

அண்ணி,

வேலை போய்விட்டது.

சப்பினாவைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த வாரமே அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, எந்த நாளைப் பற்றிச் சாட்சி சொன்னாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அங்கே ஒருமுறை சொன்ன பிறகு இங்கே மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை. வேலை அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை கூட ஓர் ஆளை அனுப்பினார்கள். லைனில் யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் அவர்கள்மேல் கோபப்படவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணி. காலையில் எழுந்ததும் சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட ஓடவேண்டும் என்று கால் தானாகக் கீழே இறங்குகிறது, பிறகுதான் போக இடமில்லை என்று உறைக்கிறது. இங்கே இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். அதிரா பரீட்சையை எழுதிக்கொண்டிருக்கிறாள், நன்றாக எழுதுகிறேன் என்கிறாள். நீங்கள் இதற்காக அழக் கூடாது. அழுதால் நான் கடிதம் போடுவதை நிறுத்திவிடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன நாளெல்லாம் போய்விடுங்கள். வேலை இருக்கிறது, காடி இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

அடுத்த தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. நான் பினாங்குக்கு வருகிறேன், அதிராவும் வருகிறாள். பால்குடம் எடுக்கப் போகிறேன். உங்கள் மூன்றாவது விரலுக்கும் என் வேலைக்கும் சேர்த்து. உங்கள் புடவை வேண்டாம், என் புடவையே இருக்கிறது. நீங்கள் மலைக்கு வராதீர்கள், வீட்டிலேயே இருங்கள். பக்கத்துவீட்டு அக்காவைக் கூப்பிட்டு உங்களோடு உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், படம் எடுக்கட்டும். இந்தத் தடவை முன்னால் நின்று எடுக்கச் சொல்லுங்கள். என் முகம் தெரிய வேண்டும். கீழே குமுதா என்று என் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

குமுதா